மயிரிழையில் நிற்கும் உயிர்

சென்ற கோடை விடுமுறையில் என் தாத்தா காலமானார். வயலில் காலில் தைத்த முள்ளைத் தாமே பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு வாரம் வேலை பார்த்தார். காய்ச்சலும் பிதற்றலும் கண்ட பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். 'செப்சிஸ்' என்றார்கள். மறுநாள் இரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று கேட்டு மகிழ்ந்தோம். நான்காம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அழுத்தம் சரியான பின்னும் மரணம் ஏன்? விலங்கியல் மாணவனாகிய நான் இவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றை இங்குத் தருகிறேன்.

செப்சிஸ் என்பது யாது?

நோய்க்கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போர் நெறிதவறி, உடலின் உறுப்புகளையே சிதைக்கும் நிலைதான் செப்சிஸ். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் மரணங்கள் இதனோடு தொடர்புடையவை என்பது ஒரு மதிப்பீடு.

தந்துகிகளின் பணி

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது செல்லும் வழியை அவர் கண்டதில்லை. 1661இல் மால்பீஜி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி மூலம் அவ்வழியைக் கண்டார். அவையே தந்துகிகள். அவற்றின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுவின் விட்டமோ 7 அல்லது 8 மைக்ரான். ஆகவே சிவப்பணுக்கள் வளைந்து நெளிந்து ஒற்றை வரிசையில் செல்கின்றன. பிராணவாயு திசுக்களுக்குக் கைமாறுவது பெரும்பாலும் இங்குதான்.

கடைமடை காய்வது எப்படி?

ஏரி நிரம்பியிருந்தும் வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை காயும். செப்சிஸில் நிகழ்வதும் இதுவே. தந்துகியின் உட்சுவரைப் போர்த்தியுள்ள கிளைக்கோகேலிக்ஸ் என்னும் மெல்லிய படலம் உதிர்கிறது. சுவர் கசிந்து திசுக்கள் வீங்குகின்றன. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன. நுண்ணிய இரத்தக் கட்டிகள் வழியை அடைக்கின்றன. சிவப்பணுக்கள் வளையும் தன்மையை இழக்கின்றன. ஒரு தந்துகியில் இரத்தம் ஓட, அடுத்ததில் நின்றுவிடுகிறது. பெருங்குழாயில் அளக்கும் அழுத்தம் இதைக் காட்டாது.

ஆய்வு கூறுவது

பிரஸ்ஸல்ஸ் நகரில் டி பேக்கர் குழுவினர் நோயாளிகளின் நாக்கின் அடியில் சிறிய ஒளிக்கருவியை வைத்து நுண்குழாய்களைப் பார்த்தனர். செப்சிஸ் நோயாளிகளிடம் ஓட்டமுள்ள நுண்குழாய்கள் குறைந்திருந்தன. இறந்தோரிடம் இன்னும் குறைவு என்று 2002இல் வெளியிட்டனர். அதே குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிழைத்தோரிடம் நுண்குழாய் ஓட்டம் விரைவில் சீரடைந்தது, இறந்தோரிடம் சீரடையவில்லை. அதிர்ச்சி நிலை நீங்கிய பிறகு உறுப்புகள் செயலிழந்து இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேறுபட்டது நுண்குழாய்களின் ஓட்டமே. என் தாத்தாவைப் போன்றவர்களின் கதை இதுவாகவே இருக்கக்கூடும் என்று அதைப் படித்தபோது தோன்றியது.

இதை ஓரளவு அறிய எளிய வழியும் உண்டு. விரல் நுனியை 10 விநாடி அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 3 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தென் அமெரிக்காவின் 5 நாடுகளில் 424 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இச்சோதனையை வழிகாட்டியாகக் கொண்ட பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 100க்கு 35 பேர். இரத்தத்தின் லாக்டேட் அளவை வழிகாட்டியாகக் கொண்ட பிரிவில் 43 பேர். எனினும் புள்ளியியல்படி இவ்வேறுபாடு உறுதியானதன்று.

நமது கடமை

தந்துகிகளைச் செப்பனிட்டு உயிர்காக்கும் என்று நிரூபணமான தனி மருந்து இன்னும் இல்லை. கிருமிக்கொல்லி மருந்தைக் காலத்தில் தொடங்குவதே தலையாய வழி. காயத்தோடு காய்ச்சல், மனக்குழப்பம், மூச்சு வாங்கல், சிறுநீர்க் குறைவு ஆகியவை தோன்றினால் நாளை என்று தள்ளலாகாது. நாங்கள் இழந்த அந்த ஒரு வாரத்தை நண்பர்களே, உங்கள் வீட்டில் எவரும் இழக்க விடாதீர்கள்!