அப்பாவின் மச்சம் இடம் மாறிய படம்

மறைந்த அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்க்கப் போகிறீர்களா? எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, அவர் முகத்தை இடவலமாகத் திருப்ப மட்டும் விடாதீர்கள்.

தங்கையின் கல்யாணம் பத்துமலையில் நடந்தது. கீழே 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு முன்னால் எடுத்த குடும்பப் படத்தில், காலை வெயில் எல்லார் முகத்திலும் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. அப்பாவின் படமோ வீட்டு வாசலில் சாயங்காலம் எடுத்தது; வெளிச்சம் இடப்பக்கம். செலாயாங்கில் நாங்கள் வேலையைக் கொடுத்த கடைக்காரர் இதைச் சரிக்கட்ட ஒரே சொடுக்கில் அப்பாவைத் திருப்பிவிட்டார். வெளிச்சம் பொருந்தியது. வகிடு மாறிப்போனது, இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போனது, சட்டைப் பை வலப்பக்கம் வந்தது. கேன்வாஸில் அடித்துச் சட்டமும் போட்ட பிறகுதான் எங்கள் கண்ணில் காட்டினார்.

“உங்கப்பா மாதிரி இருக்கு, ஆனா உங்கப்பா இல்லைய்யா” என்றார் அம்மா. கடையில் போய் மச்சத்தைக் காட்டினேன். “யாருண்ணே இதையெல்லாம் பாக்கப் போறா?” என்றார் அவர். ஒரு ஆயுள் முழுக்க அந்த முகத்தோடு வாழ்ந்தவர் பார்ப்பார். கொடுத்த வெள்ளி திரும்ப வரவில்லை.

எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. அப்பாவே அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், தினமும் கண்ணாடியில் கண்ட முகம்தான் என்று ஏற்றுக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அவரைக் கண்ணாடியிலா பார்த்தோம்?

பிறகு நானே உட்கார்ந்தேன். முதல் வேலை கணினியில் இல்லை, பழைய படங்கள் கிடக்கும் பிஸ்கட் டின்னில். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், கொட்டித் தேடுங்கள். வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து விழும் படம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மேகமூட்டத்திலோ நிழலிலோ எடுத்ததை எடுங்கள். சமமான வெளிச்சம் உள்ள முகத்தில் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கருக்கலாம். வெயில் போட்ட கறுப்பு நிழலை அழிக்க முடியாது. அடுத்து, கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று பாருங்கள். நிற்பவர்களின் கண் மட்டத்தில் எடுத்த குடும்பப் படத்துக்குள், கீழிருந்து அண்ணாந்து எடுத்த ஆளைக் கொண்டுவந்தால் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் ஒட்டாது. நான் எடுத்தது ஒரு உறவினர் வீட்டுப் பந்தலுக்குள் அப்பா நின்ற படம். அதில் அவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை, அது அவர்.

மிச்சமெல்லாம் யாரும் பழகிக்கொள்ளக்கூடியது. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கிம்ப் இலவசம், மாதா மாதம் ஃபோட்டோஷாப்புக்குக் கட்ட வேண்டியதில்லை. ஆளைச் சுற்றி அழிப்பான் போடாதீர்கள், லேயர் மாஸ்க் போட்டு மறையுங்கள்; தப்பினால் மறுபடி திறந்துகொள்ளலாம். 1857இல் ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் ஆக்கியபோது, தாளின் மற்றப் பகுதிகளை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் அச்சிட்டார். மாஸ்க் செய்வதும் அதே வேலைதான். நிறத்தைப் பொருத்துங்கள், காலடியில் நிழல் போடுங்கள். பழைய ஃபிலிம் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கும், கைப்பேசிப் படம் வழவழவென்று இருக்கும்; கடைசியில் படம் முழுவதற்கும் லேசாக ஒரே புள்ளியைத் தூவினால் இரண்டும் சேரும்.

ஏஐயிடம் கொடுத்தால் ஒரு நிமிஷம் என்று வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். கொடுத்தும் பார்த்தார்கள். தெளிவில்லாத இடத்தையெல்லாம் அது ஊகித்து வரைந்து, அப்பாவுக்கு வேறு யாருடைய மூக்கையோ வைத்தது. முகத்தை வரைய அனுமதிக்காதீர்கள். பின்னால் உள்ள சுவரை வேண்டுமானால் வரையட்டும்.

கேன்வாஸுக்கு முன் சாதாரணத் தாளில் ஒரு பிரதி அடித்து வாங்கி, வீட்டில் மூத்தவர் கையில் கொடுங்கள். அதற்கு நேரமில்லை என்று கடையில் சொன்னால், படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.