காதில் அணியும் தராசு

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஒலிப்பதிவு செய்வோருக்குத் தீர விசாரிக்க உதவும் கருவி ஹெட்போன் ஆகும். இவ்வுண்மையைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு பிழையின் வாயிலாகவே கற்றுக்கொண்டோம்.

பள்ளிக் கண்காட்சிக்காக, நிலக்கோட்டைக்கு அருகே மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் பாட்டி ஒருவரின் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்தோம். ஹெட்போன் கொண்டு செல்லவில்லை. கருவியில் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டே மகிழ்ந்துவிட்டோம். வகுப்பறையில் கேட்டபோது, பாட்டியின் குரலை விழுங்கிக்கொண்டு பம்புசெட் மோட்டாரின் இரைச்சல் ஒலித்தது! மறுவாரம் ஓடினோம். பாட்டியோ திருப்பூரிலுள்ள மகன் வீட்டிற்குப் போய்விட்டார்.

தோட்டத்தில் நின்றபோது அந்த இரைச்சல் எங்களுக்கு ஏன் உறைக்கவில்லை? எங்கள் இயற்பியல் சிஸ்டர் விளக்கினார்கள். நாம் விரும்பும் குரலிலேயே மனம் ஊன்றி, பழகிய ஓசையை ஒதுக்கிவிடுகிறது. மைக் அவ்வாறு எதையும் ஒதுக்குவதில்லை. மைக் கேட்பதை உள்ளபடி நமக்குக் கேட்பிப்பதே ஹெட்போனின் பணி.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. இன்றோ பல வகைகள் உள்ளன. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது?

நம் ஊர்ப் பூ மார்க்கெட்டில் தராசு கூட்டியும் காட்டக் கூடாது, குறைத்தும் காட்டக் கூடாது அல்லவா? ஹெட்போனும் அப்படியே. அடித்தொனியை மிகைப்படுத்தும் ஹெட்போன் சினிமாப் பாடலுக்கு இனிக்கும். பிழை காண உதவாது. பதிவு செய்யும்போது காதை முழுவதும் மூடும் வகையே ஏற்றது. அது வெளி ஓசையைக் குறைக்கும். ஹெட்போனின் ஒலி மைக்கிற்குள் கசிவதையும் தடுக்கும். பின்புறம் திறந்த வகை, பதிவுக்குப் பின் அமைதியான அறையில் ஒலியைச் சீர்செய்ய நல்லது. புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால், பதிவின்போது கம்பியுள்ளதே சிறந்தது.

அடுத்தது மின்திறன். ஹெட்போன் பெட்டியில் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று குறித்திருப்பார்கள். அது மின்மறுப்பு ஆகும். மல்லிகைச் செடிக்குச் சொட்டுநீர் விடும் குழாயை எண்ணிப் பாருங்கள். துளை சிறியதானால் அதே நீர் பாய அதிக அழுத்தம் வேண்டும். அதுபோல் மின்மறுப்பு மிகுந்த ஹெட்போனுக்கு அதிக மின்னழுத்தம் தேவை.

நம் பாடத்தில் படித்த கணக்கையே போடுவோம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும். 1 வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போன் ஏறத்தாழ 31 மில்லிவாட் பெறும். 250 ஓம் ஹெட்போன் 4 மில்லிவாட் மட்டுமே பெறும். ஆகவே கைப்பேசிக்கும் சிறு பதிவுக் கருவிக்கும் 32 ஓம் அளவே பொருந்தும். 250 ஓம் ஹெட்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பது நலம். ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் ஒலி தரும் என்னும் குறிப்பையும் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹெட்போனில் ஒலி மெலிதாக இருக்கிறதே என்று பதிவளவைக் கூட்டிவிடக் கூடாது, பதிவு சிதைந்துவிடும். ஹெட்போனின் ஒலியளவு வேறு, பதிவளவு வேறு.

ஒலியளவைக் கூட்டுவதிலும் நிதானம் தேவை. பெரியவர்கள் வாரத்திற்கு 80 டெசிபல் ஒலியை 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரமே கேட்கலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறுவர்க்கு அது காட்டும் வரம்பு இன்னும் குறைவு: 40 மணி நேரத்திற்கு 75 டெசிபல். உட்காதின் நுண்ணிய உணர்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

நம் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் வானொலியின் ஒலிபரப்புக் கருவி 10 கிலோவாட் திறனுடையது. நம் காதருகே இருக்கும் ஹெட்போனுக்கோ சில மில்லிவாட்டே போதும். கவனமின்றி எடுத்த பதிவை மலைமேலிருந்து ஒலிபரப்பினாலும் பிழை பிழையாகவே ஒலிக்கும்.

இப்போது நாங்கள் இருவர் இருவராகவே பதிவு செய்கிறோம். ஒருத்தி மைக்கைப் பிடிக்க, மற்றவள் ஹெட்போன் அணிந்து கேட்கிறாள். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்த பின்னரே தொடங்குகிறோம். பொங்கலுக்குப் பாட்டி ஊர் திரும்புவார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். இம்முறை மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஹெட்போனுடன் காத்திருப்போம்.

அன்புத் தோழியரே! நம் பெரியவர்களின் குரல் கிடைத்தற்கரிய செல்வம். அதனைச் செவிகொடுத்துக் கேட்டு, செம்மையாகக் காப்போமாக!