நூற்கொடை

தானம் என்பது நம் உபாசகர்களுக்குப் புதிய சொல்லன்று. பௌர்ணமி தோறும் கூடுகின்றோம். பிக்குகளுக்கு உணவும் சீவரமும் அளிக்கின்றோம். ஆயினும் தானத்தை எம்முறையில் செய்தல் வேண்டும் என்று பகவன் உரைத்த இடங்களை நம்மில் பலர் ஊன்றிப் படித்ததில்லை. அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த இரு சிறு சூத்திரங்கள் இதனைக் கூறுகின்றன. மதிப்பின்றிக் கொடுத்தல், பெறுவோரைக் கருதாது கொடுத்தல், தன் கையால் கொடாமை, எறியத்தக்கதைக் கொடுத்தல், இதனால் ஒரு பயன் விளையும் என்ற எண்ணமின்றிக் கொடுத்தல் ஆகியவை நல்லோர் அல்லாதார் செய்யும் தானத்தின் இயல்புகள். நல்லோர் தானமோ காலம் அறிந்தது. தன்னையும் பிறரையும் புண்படுத்தாதது.

இத்திங்கட் பாடத்துக்கு அன்னதானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வறிய இளைஞர் பயிலும் வாசகசாலைக்கு நூல் வழங்குதலை எடுத்துக்கொண்டோம். காரணம் உண்டு. இத்தானத்தை நாமே செய்தோம். செய்ததில் பிழையும் பட்டோம். மேற்கூறிய ஐந்து குற்றங்களில் நான்கேனும் நம்மிடம் இருந்தன.

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டமை அன்பர் யாவரும் அறிந்ததே. அதன் பின்னர் லைன் வீடுகளில் வாழும் நம் மக்களுள் பலர், விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, உழைத்துக் களைத்து, இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு மாலைப்பொழுது முழுவதும் கேட்பாரற்ற பொழுதாயிற்று. அவர்களுக்கென்று ஓர் அறையைத் திறந்து, விளக்கும் பாயும் இட்டு, நூல் தருக என்று அன்பர்களை வேண்டினோம். மூன்று திங்களில் சாக்கு சாக்காக வந்து குவிந்தன. எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்தோமேயன்றி, ஏடுகளைப் புரட்டிப் பார்த்தோமில்லை.

சாக்குகளில் இருந்தவை யாவை? பழைய நாட்குறிப்புகள், கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள், முதற்பாகம் இல்லாத தொடர்கதைகள், திருமண மலர்கள், பாடத்திட்டம் மாறிய பின்னர் எவருக்கும் உதவாத வழிகாட்டி நூல்கள். ஓர் அன்பர் தொலைபேசி எண் புத்தகத்தையும் அனுப்பியிருந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டை வெள்ளையடிக்கும்போது வெளியேற்றியவற்றை அவ்வாறே கட்டி அனுப்பினார் போலும். குறை நம்முடையதே. அவற்றையெல்லாம் தூசி தட்டி, முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்கினோம்.

அரசுத் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருத்தி நாள்தோறும் அவ்வறைக்கு வருவாள். தந்தையார் இல்லை, தாயார் பெங்களூரில் தையற் கூடத்தில் வேலை செய்பவர். அலமாரியிலிருந்த பொது அறிவு நூல் ஒன்றை எடுத்து நான்கு திங்கள் நெட்டுருச் செய்தாள். ஒரு மாலை அதனைத் திருப்பிக் கொணர்ந்து மேசைமேல் வைத்து, “ஐயா, இந்த நூலில் தெலங்கானா என்ற மாநிலமே இல்லை. இதை நம்பித்தான் படித்தேன்” என்றாள். அவள் குரலில் சினம் இல்லை. தெலங்கானா 2014 ஆம் ஆண்டில் அமைந்தது. நூலோ அதற்கு முந்தையது. எழுதிய தேர்வில் எத்தனை வினாக்கள் அதனால் பிழைத்தனவோ, நாம் கேட்கத் துணியவில்லை. அவள் அதன்பின் ஆறு வாரம் அறைப்பக்கம் வரவில்லை.

பிறரைப் புண்படுத்தாத தானம் என்று பகவன் ஏன் தனித்துக் கூறினார் என்பது அன்றுதான் நமக்கு விளங்கியது. கெட்ட சோற்றை உண்டவன் அன்றே அறிவான். காலங்கடந்த நூலை உண்டவன் தேர்வுக் கூடத்தில் அமர்ந்த பிறகே அறிவான். பணம் படைத்த வீட்டுப் பிள்ளையாயின் ஐயம் தோன்றியவுடன் புதுப்பதிப்பை வாங்கிச் சரிபார்க்கும். நம் பிள்ளைகளுக்கு அலமாரியில் உள்ளதே பிரமாணம். சட்ட நூல்களில் இத்தீங்கு இன்னும் பெரிது. இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை முதல் நாளோடு நீங்கி, பாரதிய நியாய சன்ஹிதை நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. பழைய சட்ட நூலை இன்று ஒரு மாணவனுக்குக் கொடுப்பது வழிதவறச் செய்யும் கொடையாகும்.

இனி, முறையறிந்து கொடுக்கப்பட்ட நூல் ஒன்றனைக் காண்போம். பம்பாயில் சர்னி ரோட்டுத் தோட்டத்தில் மாலைதோறும் தனித்திருந்து படிக்கும் ஒரு சிறுவனைக் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் கண்டார். யார், எக்குலம், என்ன படிக்கிறாய் என்று வினவினார், பேசினார், தம் நூல்களைப் படிக்கக் கொடுத்தார். பின்னர் அச்சிறுவன் தேர்வில் வென்றமைக்காக அவன் சமூகத்தார் கூட்டிய பாராட்டுக் கூட்டத்தில், மராத்தியில் தாமே எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அச்சிறுவனே பாபாசாகேப் அம்பேத்கர். அந்நூலைப் படித்து உள்ளம் நெகிழ்ந்ததையும், புத்த இலக்கியத்தை ஏன் எமக்குக் காட்டவில்லை என்று தம் தந்தையாரையே கேட்கத் துணிந்ததையும், ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலுக்கு எழுதிய முன்னுரையில் அவரே கூறியுள்ளார். 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் நிகழ்ந்ததற்கு ஒரு தொடக்கம் அந்தத் தோட்டத்து இருக்கையில் உள்ளது.

இங்கே கருதத்தக்கது நூலின் உயர்வு மட்டும் அன்று. கேளுஸ்கர் முதலில் சிறுவனைப் பார்த்தார். நூல் அதன் பின்னரே வந்தது. அவன் எதைப் படிக்கிறான், எதைப் படிக்க வல்லவன் என்பதை அறிந்து, தம் கையால் கொடுத்தார். கொடுத்த பின்னரும் கைவிட்டாரில்லை. பரோடா மன்னர் சயாஜிராவிடம் அழைத்துச் சென்று உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே. நூறு சாக்குகளில் இல்லாதது அந்த ஒரு நூலில் இருந்தது எனின், அது பெறுவோனைப் பற்றிய அறிவுதான்.

பாபாசாகேப் நூலைப் பெற்றவர் மட்டுமல்லர், கொடுத்தவரும் ஆவார். அமெரிக்காவில் அரைவயிற்றோடு இருந்து சேர்த்த நூல்களுள் பல, 1917 இல் கப்பல் தாக்குண்டு கடலில் மூழ்கின. மீண்டும் சேர்த்தார். தாதரில் நூல்களுக்காகவே இடம் வகுத்து ராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டினார். 1945 இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியைத் தொடங்கினார். தம் நூல்களுள் பெரும் பகுதி அக்கல்லூரிக்கே சென்றது. தமக்குப் பயன்படாதவற்றை அன்று, உயிரினும் போற்றியவற்றைக் கொடுத்தார்.

மணிமேகலைக் காப்பியத்தைப் பயின்ற அன்பர்களுக்கு ஆபுத்திரன் நினைவு இவ்விடத்தில் வரும். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. ஆயினும் மணிபல்லவத்தில், பசித்தோர் ஒருவரும் இல்லாத தீவில், அவன் தனித்து விடப்பட்டபோது அப்பாத்திரத்தால் யாது பயன்? தான் மட்டும் உண்ண மனமின்றி அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். பூட்டிய அலமாரியைக் காணுந்தோறும் நமக்கு அத்தீவே தோன்றுகிறது.

நம் வயலுக்கே உரிய வேறொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். சாம்பியன் ரீப்பில் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்ட நூல்களாலேயே பண்டித அயோத்திதாசரின் எழுத்துகள் அழியாது நின்றன. அந்நூல்களைப் பாட்டனார் காலத்திலிருந்து துணியில் பொதிந்து காத்த முதியவர் ஒருவர், கண் பார்வை மங்கியபின், “பிள்ளைகள் படிக்கட்டும்” என்று கொணர்ந்து கொடுத்தார். பெருங்கொடைதான். ஆனால் பிள்ளைகளுள் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயில்பவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்க அறியார்கள். முதியவர் வாரம் ஒருமுறை வந்து, எவரேனும் தம் நூலை எடுத்தார்களா என்று கேட்பார். நாம் என்ன விடை சொல்வது?

ஒரு பிள்ளையைக் கொண்டு அவருக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டச் செய்ய வேண்டும் என்று எண்ணி, தமிழ் எழுத்து வகுப்பைத் தொடங்கினோம். வாரத்தில் இருநாள் நடக்கிறது. வருவோர் சிலரே எனினும் வருகின்றனர். பழைய அச்சு நூல்களையோ பிள்ளைகள் கையில் கொடுப்பது நூலுக்கும் நன்றன்று, தாள் உதிர்கிறது. அத்தகைய ஏடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களே அவற்றுக்குரிய இடம் என்பது நம் கருத்து. முதியவரோடு இன்னும் பேசி முடிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஏற்றவை எவை எனில், இருமொழியில் அச்சிட்ட சிறு நூல்கள். ஒரு பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால், அறிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு அறியாத எழுத்தை அடையலாம். சென்னைத் தூலிகாவும் பெங்களூர்ப் பிரதம் புக்ஸும் இத்தகைய நூல்களை வெளியிட்டுள்ளன. பாபாசாகேப்பின் இளமைத் துயரைக் கோண்டு ஓவியர் துர்காபாயும் சுபாஷ் வியாமும் படங்களாகத் தீட்டிய பீமாயணம் நம் அறையில் ஒருநாளும் அலமாரியில் தங்குவதில்லை. தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் கதையைப் பிள்ளைகள் தம் வீட்டுக் கதையாகவே படிக்கின்றனர். பாபாசாகேப்பின் பெருந்தொகுதிகளை முழுவதுமாக வாங்கி அளிக்க விரும்பும் அன்பர்களை வணங்குகிறோம். ஆனால் பதின்மூன்று வயதினன் கையில் முதலில் அவற்றைக் கொடுத்தால் அவன் மறுநாள் வரமாட்டான்.

நூல் வாசகனிடம் நடந்து செல்ல வேண்டும் என்பதை அறிந்தோர் முன்னரே இருந்தனர். பாபாசாகேப்புக்கு உதவித்தொகை அளித்த அதே சயாஜிராவ், 1910 இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலகரை வரவழைத்து, பெட்டிகளில் நூல்களை அடுக்கிச் சிற்றூர்களுக்கு அனுப்பச் செய்தார். 1931 இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராய்ச் செலுத்தினார். நூலகவியல் அறிஞர் அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அவ்வாண்டில்தான். நூல் பயன்படுதற்கே என்பது அவற்றுள் முதல் விதி. அண்மையில் கருநாடக அரசு 2019 இல் ஊராட்சி நூலகங்களைக் கிராம வளர்ச்சித் துறையிடம் ஒப்படைத்து, 2020 முதல் சிறுவர் சிறுமியரைக் கட்டணமின்றி உறுப்பினராகச் சேர்த்தது. நூல் திரட்டும் முயற்சிக்குப் ‘புஸ்தக ஜோளிகெ’ என்று பெயரிட்டனர். ஜோளிகெ என்பது இரப்போர் தோளில் மாட்டும் பை. பிக்குவின் பாத்திரத்தை அறிந்த நமக்கு இப்பெயர் இனிக்கவே செய்கிறது. எனினும் பையில் விழுவதையெல்லாம் நூலகரும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த மாணவி ஏழாம் வாரம் மீண்டும் வந்தாள். வந்தவள் அலமாரியின் முன் நின்று, ஒவ்வொரு நூலின் அச்சாண்டையும் பார்த்துப் பழையவற்றைக் கீழே இறக்கத் தொடங்கினாள். நாம் தடுக்கவில்லை. இன்று கொடை நூல்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு அவளிடமும் அவள் தோழர் இருவரிடமுமே உள்ளது. அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவை எடைக்குப் போகின்றன. அப்பணத்தில் புதுநூல் வாங்குகிறோம்.

ஆகவே அன்பர்கள் வரும் பௌர்ணமியன்று மாலை 5 மணிக்கு நூல்களைத் தாமே கொணர்தல் வேண்டும். அஞ்சலிலோ ஆள் மூலமாகவோ அனுப்புவதைத் தவிர்க்க. தேர்வு நூல்களாயின் இவ்வாண்டு அல்லது சென்ற ஆண்டுப் பதிப்பே ஏற்கப்படும். அகராதிகள், நிலப்பட நூல்கள், அறிவியல் நூல்கள், கன்னடத்திலும் தமிழிலும் உள்ள சிறுவர் கதைகள் பெரிதும் தேவை. பூச்சி அரித்தவற்றை மற்ற நூல்களோடு சேர்த்துக் கட்டற்க. ஒன்றிலுள்ள பூச்சி அலமாரி முழுவதும் பரவும். தாம் படித்து மகிழ்ந்த நூல் ஒன்றையேனும் கொணர்ந்து, அதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசிச் செல்ல இயலுமாயின், அவர்கட்கு முதலிடம் தரப்படும். நூல் வாங்க வசதியற்றோர் மாலையில் ஒரு மணி நேரம் அறையில் அமர்ந்து, எழுத்துக்கூட்டும் பிள்ளையின் அருகில் இருக்கலாம். சாக்குகள் இம்முறை ஏற்கப்படமாட்டா.