வண்டி நம்முடையது, ஓட்ட ஏன் தயக்கம்?



வாசுதேவநல்லூர் போன்ற ஊர்களில் கடை நடத்தும் நமக்குச் சரக்கு வாசலுக்கு வருவது பாதி. நாமே போய் எடுத்து வருவது பாதி. சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் போய் வராத பலசரக்குக் கடைக்காரர் இருக்க முடியாது. எலுமிச்சை வேண்டுமென்றால் புளியங்குடி. இந்த அலைச்சலுக்காகவே, 2005-இல் டாட்டா ஏஸ் வந்த பிறகு, நம்மில் பலர் தவணையில் ஒரு குட்டியானை எடுத்தோம். சிலர் ஆம்னி வேன் வாங்கினார்கள்.

வண்டி வந்தது. பயிற்சிப் பள்ளியில் கற்று லைசென்ஸும் வந்தது. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் வண்டியை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. டிரைவர் வந்தால்தான் வண்டி நகரும். அவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டால் அன்றைக்குக் கொள்முதல் இல்லை. வாடிக்கையாளர் துவரம் பருப்பு கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்புகிறார். வண்டி கடை வாசலில் நிற்கிறது; தவணை மட்டும் மாதந்தவறாமல் ஓடுகிறது. இப்படிப்பட்டவர்கள் நம் வட்டாரத்தில் ஒருவர் இருவர் அல்ல. வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபது வருஷம் டி.வி.எஸ். 50-இல் முன்னால் ஒரு மூட்டையும் பின்னால் இரண்டு மூட்டையும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து வந்தவருக்கு, நான்கு சக்கர வண்டியில் கை நடுங்குவது ஏன் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டு சக்கர வண்டியில் நம் உடம்பின் அகலமே வண்டியின் அகலம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வேனில் நாம் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இடது ஓரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே சைக்கிள் வருகிறதா, சாக்கடை இருக்கிறதா, கடைக்காரர் வெளியே வைத்த வாளி இருக்கிறதா என்று தெரியாத பயம்தான் முதல் பயம்.

இரண்டாவது பயம் இன்னும் நுட்பமானது. கற்றுக்கொண்ட நாட்களில் பக்கத்தில் இருந்தவர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. "பிரேக், அண்ணாச்சி, பிரேக்!" என்று அவர் சொன்னார். "லாரி போகட்டும்" என்று நிறுத்தினார். இடது பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார். பாதி வண்டியை அவர்தான் ஓட்டினார் என்றே சொல்லலாம். அவர் இறங்கிவிட்டால் அந்தப் பாதி வேலையும் நம் தலையில் விழுகிறது. மனம் அதைச் சரியாகவே கணக்குப் போட்டுப் பயப்படுகிறது.

உலகமெங்கும் விபத்துக் கணக்குகள் இதையே காட்டுகின்றன. பக்கத்தில் அனுபவசாலி இருக்கும்போது கற்றுக்குட்டிகள் விபத்தில் சிக்குவது குறைவு. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் ஆபத்து மிக அதிகம். இதைப் பார்த்தே நியூசிலாந்து நாடு 1987-இல் லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே நடுப்படி லைசென்ஸ் வைத்திருப்பவர் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டக் கூடாது. நம் நாட்டில் அப்படி நடுப்படி கிடையாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம். தேறிவிட்டால் மறுநாளே நள்ளிரவில் மலைப்பாதையில் கூட ஓட்டலாம். சட்டம் படி வைக்காததால், நமக்கு நாமே படி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-இல் வெளியிட்ட நூலில் அச்சத்தைப் போக்க ஒரு முறையைச் சொன்னார். பயம் தருபவற்றைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதிக்கொள்வது; உடம்பைத் தளர்த்திக்கொண்டு, வரிசையில் முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சந்திப்பது; ஒன்று பழகிய பிறகே அடுத்தது. நாம் கடன் கொடுப்பதும் இப்படித்தானே? புதுப் பார்ட்டிக்கு முதல் நாளே ஐம்பதாயிரம் ரூபாய்ச் சரக்கைத் தூக்கிக் கொடுப்பதில்லை. ஆயிரம் கொடுத்து, அது திரும்பி வந்ததும் மூவாயிரம்.

முதல் படி, ஊருக்கு வெளியே காலி மைதானத்தில். கடையில் காலி எண்ணெய் டின்னுக்குப் பஞ்சமில்லை. நான்கு டின்னை இடது பக்கம் வரிசையாக வைத்து, அவற்றை ஒரு முழ இடைவெளியில் உரசாமல் ஓட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கி, நாம் நினைத்த இடைவெளியும் உண்மையான இடைவெளியும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்று பாருங்கள். முதல் நாள் சிரிப்பு வரும். பத்து நாளில் இடது ஓரம் கண்ணுக்குத் தெரிவது போலவே ஆகிவிடும். பின்னோக்கி எடுப்பதையும் இதே டின்களுக்கு நடுவில் பழகலாம். பிறகு ஒரு குளத்துக்கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டு, எஞ்சின் இழுக்கும் சத்தம் மாறிய பிறகு கை பிரேக்கை எடுத்துக் கிளம்பிப் பாருங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும் என்ற பயமே பலரை ஊருக்குள் முடக்கிப் போட்டிருக்கிறது. இருபது முறை செய்தால் அது ஒழியும்.

அடுத்து, பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டுமே செய்ய வேண்டியது இது, எல்.எல்.ஆர். மட்டும் உள்ளவர், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டுவது குற்றம். முதலில் அவரிடம், "ஆபத்து வந்தாலொழிய வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். இந்தப் படியே பலருக்குக் கடினமாக இருக்கும், முக்கியமாகப் பக்கத்தில் இருப்பவர் மைத்துனராகவோ தம்பியாகவோ இருந்தால். இது பழகியதும் அவர் தம் இரு சக்கர வண்டியில் நமக்குப் பின்னால் வரட்டும். வண்டிக்குள் நாம் தனியாள். ஆனால் ஆள் இருக்கிறார். ஒரு வாரம் கழித்து அவர் கடையிலேயே இருக்கட்டும். நாம் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து சொல்லலாம். அதற்கும் அடுத்த வாரம் போன் வேண்டாம்.

வழியில் நெஞ்சு படபடத்துக் கால் நடுங்கினால் என்ன செய்வது? இதுதான் எல்லோரும் கேட்பது. இடது இண்டிகேட்டரைப் போட்டு, கெட்டியான ஓரமாகப் பார்த்து நிறுத்துங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல வெளியே விடுங்கள். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ இருந்துவிட்டு, போக வேண்டிய பக்கமே தொடர்ந்து போங்கள். டிரைவரை வரச் சொல்லிவிட்டு பஸ் ஏறி வீடு திரும்பினால் அந்த நேரத்துக்கு நிம்மதிதான். ஆனால் மனம் ஓடி வந்ததை வரவில் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை அதே இடத்தில் இரட்டிப்பாகப் பயம் காட்டி மறுபடியும் ஓடச் சொல்லும். அங்கேயே இருந்து பயம் இறங்குவதைக் கண்டவருக்கு மறுமுறை அது குறைவாகவே வரும்.

சாலையையும் படியாகப் பிரிக்க வேண்டும். நம் ஊரின் நடுவே போவது கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை, 744 எண். கேரளா போகும் லாரிகள், மரம் ஏற்றிய வண்டிகள், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வேன்கள் என்று அதில் ஓய்வே இராது. முதல் தனிப் பயணத்துக்கு அது வேண்டாம். மேற்கே தலையணைப் பக்கம் போகும் சாலையில் ஒரு வாரம் போய்ப் பழகலாம். பிறகு புளியங்குடி அல்லது சிவகிரி. இரண்டும் பக்கத்து ஊர்கள். பகல் பதினொரு மணி வாக்கில், பள்ளிக்கூட நேரம் கழிந்த பிறகு கிளம்புவது நல்லது. அதன் பிறகே சங்கரன்கோவில். அதுவும் ஆடித்தபசு சமயத்தில் முதல் முறை போகாதீர்கள். அன்று பழகிய டிரைவர்களே திணறுவார்கள். சந்தைத் தெருவுக்குள் நுழையப் பயமாக இருந்தால், முதல் மூன்று நான்கு முறை வெளியே அகலமான இடத்தில் நிறுத்தி, சரக்கைத் தள்ளுவண்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும். பம்பர் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

ஒரு தடவைக்கு ஒரு புதுமைதான். புதுச் சாலை என்றால் வண்டி காலியாக இருக்கட்டும். முதல் முறை பாரம் ஏற்றுகிறோம் என்றால் பழகிய சாலையாக இருக்கட்டும். முதல் மழையையும் முதல் இரவையும் ஒரே நாளில் சந்திக்க வேண்டாம். இரவில் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் முன்னால் நிற்கும். அறுவடைக் காலத்தில் தார்ச் சாலையிலேயே தானியம் காயும். கல்லை அணையாக வைத்திருப்பார்கள். எதிரில் வருபவர் விளக்கை இறக்க மாட்டார். அப்போது வெளிச்சத்தைப் பார்க்காமல் சாலையின் இடது விளிம்பைப் பார்த்து, வேகத்தைக் குறைத்துப் போவதுதான் வழி.

ஆடிக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். பிஸ்கட், அப்பளம், நூடுல்ஸ் அட்டைப்பெட்டிகளை உயரமாக அடுக்கித் தார்ப்பாய் கட்டினால், வண்டிக்கு எடை குறைவு, காற்றுக்குப் பரப்பு அதிகம். மரங்களைக் கடந்து வெட்டவெளிக்கு வந்ததும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். புதியவர் மிரண்டு சட்டென்று எதிர்ப்பக்கம் ஒடித்துவிடுவார். அப்படிச் செய்யாமல் இரு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைக்க வேண்டும். அடியில் கனமான மூட்டையும் மேலே அட்டைப்பெட்டியுமாக அடுக்கினால் பாதிப் பிரச்சினை ஏற்றும்போதே தீரும்.

பாரம் என்பதும் கணக்குதான். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது ஏற்றக்கூடிய சுமை. ஓட்டுபவரின் எடையும் அதற்குள் அடக்கம். 750 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் 70 கிலோ என்றால் மீதி 680. 2022-இல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மிடம் புழங்குகிற 26 கிலோ சிப்பத்தில் கணக்கிட்டால் 26 சிப்பம். அதற்கு மேல் ஒன்று ஏற்றினாலும் அது மிகைப் பாரம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடும். 60 கிலோமீட்டரில் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம், 40-இல் ஓடுவதைப்போல் இரண்டேகால் மடங்கு. மிகைப் பாரம் இருந்தால் இன்னும் கூடும். ஆகவே பின்னால் வருபவர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் முதல் மூன்று மாதம் 40-ஐத் தாண்ட வேண்டாம். இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டால் போதும்.

"ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற கேள்விதான் நள்ளிரவில் தூக்கத்தைக் கெடுப்பது. அதற்குச் சட்டம் தெரிந்திருப்பதே பாதி மருந்து. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸை வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். இது நீண்ட நாள் வழக்காக இருந்து, 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம். அபாயகரமான சரக்குகளுக்கு மட்டும் தனி விதி உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வண்டியில் வையுங்கள். வழியில் நிறுத்திக் கேட்டால் எடுத்து நீட்டலாம், கை நடுங்காது.

விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை. 108-க்குப் போன் செய்வது முதல் வேலை. கூட்டம் ஆத்திரப்பட்டு அடிக்க வரும் நிலை இருந்தால் அதைச் சட்டமே விதிவிலக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்போது நேராகக் காவல் நிலையம் போய்விடலாம்.

தைரியத்துக்கென்று ஒரு மடக்குப் போட்டுவிட்டு ஏறுவோருக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம், அவ்வளவே. ஆனால் சளி மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். கடையிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்ளும் சில மாத்திரைகள் நன்றாகத் தூக்கம் தருபவை. அன்று வண்டியை எடுக்காதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தூரப் பார்வையையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். கணக்கு எழுதக் கண்ணாடி போடுகிறவர், தூரம் நன்றாகத்தான் தெரிகிறது என்று தாமே முடிவு செய்துகொள்வது வழக்கம்.

வீட்டுப் பெண்கள் ஓட்ட விரும்பினாலும் படிகள் இவையே. குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். அதற்கு வெகு காலம் முன்பே, 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்துபோக, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு கடைக்காரருடையது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கடைசியாக ஒரு வேலை. கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, ஊர், பாரம், எந்த இடத்தில் பயம் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எந்தச் சாலையில் எந்தத் திருப்பம் என்று தனியே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வெறும் வண்டியோடு அந்தத் திருப்பத்துக்கு மட்டும் நான்கு முறை போய் வாருங்கள்.