கேட்டால் விதைத்ததாகுமா?

மனநல மருத்துவம் பெறும் இளையோரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என வினவினால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று பெற்றோர் அஞ்சுவர். ஆய்வுகள் இவ்வச்சத்தை ஏற்கவில்லை.

மருத்துவர் பெற்றோரிடம் பேசுவதோடு, பிள்ளையிடம் தனித்தும் உரையாடுவார். "சாகவேண்டும் என்று நினைத்ததுண்டா? வழி ஏதும் எண்ணி வைத்திருக்கிறாயா? முன்பு முயன்றதுண்டா?" எனப் படிப்படியாகக் கேட்பார். "தப்பான எண்ணம் ஏதும் இல்லையே?" என்னும் மழுப்பல் வினாவுக்கு 'இல்லை' என்பதே விடையாகக் கிட்டும்; வினாவிலேயே விடை ஒளிந்திருப்பதைத் தமிழ் பயில்வோர் எளிதில் உணர்வர். தற்கொலை ஹராம் என்பதைப் பிள்ளையும் அறியும். பெரியவர்கள் அக்கண்டனத்தோடு பேச்சைத் தொடங்கினால் அது வாய்மூடிக் கொள்ளும்.

எவர் உயிர் துறப்பார் என முன்னறிந்து கூறும் அளவுகோல் எங்கும் இல்லை. இன்றைய மதிப்பீடு நாளை மாறலாம். மருத்துவமனையில் தங்கி வீடு திரும்பிய முதற்சில வாரங்கள் இடர் மிக்கவை. ஆதலின் மீண்டும் மீண்டும் கேட்டறிதல் வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து உண்டா என்பதும் மருத்துவர் கேட்கவேண்டிய வினாவே. நெல்லும் மணிலாவும் விளையும் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் அதனை முதல் வினாவாகவே கொள்ளலாம். மருந்தைப் பூட்டிச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்திருத்தல் நலம்.

காவல்துறைக்கு அஞ்சி முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் உள. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதுகிறது. தண்டனை கூடாது என்கிறது. 1986 முதல் சென்னையில் 'சிநேகா' அமைப்பு இத்தகையோருக்குச் செவிசாய்த்து வருகிறது. அரசின் 'டெலி மானஸ்' 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.