பாறையும் பயிரும்

வயலில் விளையும் நெல்லும் மலையில் நிற்கும் கருங்கல்லும் ஒன்றுக்கொன்று உறவுடையன என்றால் கேட்போர்க்கு வியப்புத் தோன்றும். ஒன்று உயிர்க்கு உணவு. மற்றொன்று உயிரற்ற வன்பொருள். ஆயினும், அந்நெல் வேரூன்றி நிற்கும் மண், ஒரு காலத்தில் அத்தகைய கல்லாக இருந்ததேயாகும். மலை சிதைந்து மணலும் களியும் ஆயிற்று; அவற்றோடு மக்கு கலந்து மண் ஆயிற்று; மண்ணில் செடிகொடிகள் தழைத்தன; அவற்றை நம்பி விலங்குகளும் மக்களும் வாழலாயினர். இவ்வரிய மாற்றம் நிகழும் முறையை அறிவது, மண்ணை நம்பி வாழ்வோர் அனைவர்க்கும் கடமையாகும்.

அழியாமைக்குக் ‘கல்மேல் எழுத்து’ என்பதை உவமையாகக் கூறுவது உலக வழக்கு. ஆனால், கல்லும் அழியும் என்பதை மாமல்லபுரத்திற்குச் செல்வோர் கண்ணாரக் காணலாம். அங்குள்ள கடற்கரைக் கோயில், இராசசிம்மன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருங்கற்களை அடுக்கிக் கட்டப்பெற்றது. அதன் வெளிச்சுவர்ச் சிற்பங்கள் பல இன்று முகமும் வடிவும் மங்கித் தேய்ந்து நிற்கின்றன. அவ்வூரிலேயே, காற்றுக்கு ஒதுங்கிய குகை மண்டபங்களில், ஏழாம் நூற்றாண்டிலேயே செதுக்கப்பட்ட உருவங்களோ இன்றும் தெளிவாக விளங்குகின்றன. மூத்தவை நிலைத்திருக்க, இளையவை தேய்ந்தது ஏன்? கல்லைத் தேய்த்தது காலம் மட்டும் அன்று. வெயிலும் மழையும் உப்புக் காற்றுமே அதனைத் தேய்த்தன. கடற்காற்றில் வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைகளுள் புகுகின்றது. நீர் உலர்ந்தபின் உப்புப் படிகமாகி வளர்கின்றது. வளரும் படிகம் கல்லின் துகள்களை நெருக்கிப் பிரிக்கின்றது. இதனைத் தடுக்கவே அக்கோயிலைச் சூழச் சவுக்கு மரங்கள் வளர்க்கப்பட்டன. அலையைத் தடுக்கக் கல்லணையும் அமைக்கப்பட்டது.

கோயிற் சுவரில் நிகழும் இச்செயலே மலைகளிலும் ஓயாமல் நிகழ்ந்து வருகின்றது. இதனைப் பாறைச் சிதைவு என்பர். சிதைவு இரு வகைப்படும். பாறையின் தன்மை மாறாமல், அது உடைந்து சிறிதாவது ஒரு வகை. பாறையின் பொருளே மாறி வேறொன்றாவது மற்றொரு வகை. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருங்கே நிகழ்கின்றன.

முதல் வகைச் சிதைவை முதலில் காண்போம். பகலில் வெயிலால் பாறையின் மேற்புறம் சூடேறி விரிகின்றது. இரவில் குளிர்ந்து சுருங்குகின்றது. உட்புறமோ அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. மேலும், நிலத்தின் ஆழத்தில் பெருஞ்சுமையைத் தாங்கிக் கிடந்த பாறை, தன்மேல் இருந்தவை அரித்துச் செல்லப்பட்டபின், சுமை நீங்கி விரிவடைகின்றது. இவற்றால் பாறையில் மேற்பரப்புக்கு இணையான பிளவுகள் தோன்றி, வெங்காயத்தின் தோல் உரிவதுபோல அடுக்கடுக்காக அது உரிகின்றது. தமிழ்நாட்டுக் கருங்கற் குன்றுகள் பல வழுவழுப்பான குவிந்த முதுகுடன் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கல்லுடைப்போர் பாறையில் வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு அறைந்து அதனைப் பிளப்பர். குளிர் மிகுந்த இமயம் போன்ற மலைகளில் இயற்கையும் அவ்வாறே ஆப்பு அறைகின்றது. அங்கே பாறை வெடிப்புகளில் தேங்கிய நீர் உறைந்து பனிக்கட்டியாகின்றது. நீர் உறையும்போது அதன் கன அளவு நூற்றுக்கு ஒன்பது பங்கு மிகுதலால், வெடிப்பு அகன்று பாறை பிளக்கின்றது. வெப்ப நாடுகளில் மரங்களின் வேர்கள் அவ்வேலையைச் செய்கின்றன. பறவையின் எச்சத்தில் விழுந்த ஆலம்விதை கோபுரத்தின் இடுக்கில் முளைத்து, நாளடைவில் பெருங்கற்களையும் பெயர்த்துவிடுதல் யாவரும் கண்டதே.

இரண்டாம் வகைச் சிதைவுக்கு முதற்காரணம் மழைநீர். மழைத்துளி வானிலிருந்து இறங்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொள்கின்றது. மண்ணினுள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட அவ்வாயுவை மேலும் பெறுகின்றது. இவ்வாறு நீர் ஒரு மென்மையான அமிலமாகின்றது. நாவிற்குப் புளிப்பு என்று தோன்றாத இவ்வமிலம் பன்னூறாயிரம் ஆண்டுகள் ஊறினால் மலையையும் கரைக்க வல்லது. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

கருங்கல்லில் குவார்ட்சு, ஃபெல்சுபார், அபிரகம் ஆகியவை கலந்துள்ளன. இவற்றுள் ஃபெல்சுபார் அமிலநீரால் சிதைந்து களியாகின்றது. அப்பொழுது அதிலிருந்த பொட்டாசியம், சோடியம், கால்சியம் போன்ற பொருள்கள் விடுபடுகின்றன. குவார்ட்சு எளிதில் மாறுவதில்லை. பிணைப்பு நெகிழ்ந்ததும் அது மணலாக உதிர்கின்றது. ஆற்றிலும் கடற்கரையிலும் மின்னும் மணலில் பெரும்பகுதி இவ்வாறு உதிர்ந்த குவார்ட்சே ஆகும். பாறையிலுள்ள இரும்பு, காற்றோடும் நீரோடும் கூடித் துருப்பிடிக்கின்றது. மழையில் கிடந்த ஆணி சிவப்பதும் செம்மண் சிவந்திருப்பதும் ஒரே காரணத்தால் என்பதை அறிதல் வேண்டும்.

மணலும் களியும் மட்டும் சேர்ந்தால் அது மண் ஆகிவிடுமோ? ஆகாது. அதில் உயிர் குடியேற வேண்டும். வெறும் பாறைமீது முதலில் குடியேறும் உயிர்களுள் ஒன்று லைக்கன் எனப்படும். சமையலில் மணத்திற்காகச் சேர்க்கும் கல்பாசி இவ்வினத்தைச் சேர்ந்ததே. பாசியும் பூஞ்சையும் ஓருடலாக இணைந்து வாழும் வாழ்க்கை இது. பாசி கதிரவன் ஒளியால் உணவு ஆக்குகின்றது. பூஞ்சை ஈரத்தைக் காத்து உறைவிடம் அளிக்கின்றது. லைக்கன் சுரக்கும் அமிலங்கள் பாறையை மெல்ல அரிக்கின்றன. அது மடிந்தபின் அதன் உடலும் பாறைத் துகளும் காற்று கொணர்ந்த தூசும் பள்ளங்களில் படிகின்றன. அச்சிறு படிவில் பசும்பாசிகள் படர்கின்றன. பின்னர்ப் புல் முளைக்கின்றது. அதன்பின் செடியும் மரமும் இடம் பெறுகின்றன. ஒவ்வோர் உயிரும் தான் வாழ்ந்து மடிந்து, தனக்குப் பின் வருவதற்கு இடம் செய்து கொடுக்கின்றது.

வெற்றுப் பாறையில் உயிர் குடியேறுவதை அறிஞர்கள் நேரில் கண்டு ஆராயும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. 1963 நவம்பரில் ஐசுலாந்து நாட்டின் தென்கரைக்கு அப்பால், கடலடி எரிமலை ஒன்று பொங்கி, புதிய தீவொன்றைத் தோற்றுவித்தது. சர்ட்சி எனப் பெயரிடப்பட்ட அத்தீவில் 1967 வரை எரிமலைக் குழம்பு வழிந்தது. மக்கள் அங்குக் குடியேறவும் கண்டபடி சென்று வரவும் தடை விதிக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டிலேயே கடலலையில் மிதந்து வந்த விதை ஒன்று அங்கே முளைத்தது. எனினும், நெடுங்காலம் செடிகள் அருகியே இருந்தன. பாறையில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். 1980-களின் நடுவில் கடற்காக்கைகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. அவற்றின் எச்சம் அச்சத்தை அளித்தது. பறவைகள் வாழ்ந்த பகுதி பசும்புல் வெளியாயிற்று. பயிர்க்கு வேண்டிய பல சத்துகளைப் பாறை தரும். நைட்ரஜனைப் பெரும்பாலும் உயிர்களே தேடித் தர வேண்டும் என்பது இதனால் விளங்குகின்றது. அவரை, துவரை, உளுந்து முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர்க்கு உதவும் பொருளாக்குகின்றன. சணப்பையையும் கொளுஞ்சியையும் வளர்த்து மடக்கி உழும் உழவர், இவ்வுண்மையைப் பயனில் கண்டவர் ஆவர்.

மண்ணை ஆக்கும் உயிர்களுள் மண்புழு தனிச் சிறப்புடையது. இங்கிலாந்து நாட்டுப் பேரறிஞர் சார்லசு டார்வின், 1842-ஆம் ஆண்டில் தம் இல்லத்தருகே இருந்த நிலத்தின்மேல் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1871-இல், அங்குக் குழி தோண்டினார். அத்துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் வெண்கோடுபோல் கிடந்தன. மண்புழுக்கள் கீழ்மண்ணை உண்டு மேலே கொணர்ந்து கழித்தமையால், கற்கள் மெல்ல மெல்லப் புதைந்தன. அந்நாட்டின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஓர் ஏக்கரில் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் இப்புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகின்றது என்று அவர் கணக்கிட்டு, 1881-இல் நூலாக வெளியிட்டார். ஏர் தோன்றுவதற்கு முன்பே நிலத்தை உழுதவை மண்புழுக்கள் எனலாம்.

நன்கு முதிர்ந்த மண் பல அடுக்குகளை உடையது. கிணறு வெட்டும் இடத்தில் அவற்றைத் தெளிவாகக் காணலாம். மேலே மக்கு கலந்து கருமை படர்ந்த மேல்மண். அதன்கீழ் நீர் கொணர்ந்து சேர்த்த களி மிகுந்த அடிமண். அதன்கீழ்ப் பாதி சிதைந்த சரளை. எல்லாவற்றிற்கும் அடியில் மூலப் பாறை. வளமான மண்ணை அளந்தால், அதன் கன அளவில் ஏறக்குறையப் பாதியே திடப்பொருள். எஞ்சிய பாதி நீரும் காற்றும் நிறைந்த இடைவெளி. மக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே இருக்கும். ஆயினும் அதுவே மண்ணின் துகள்களைப் பிணைத்து, நீரைத் தாங்கி, நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது. களித்துகளோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது. அது பொட்டாசியம், கால்சியம் முதலிய சத்துகளை மழை அடித்துச் செல்லாதவாறு பற்றி வைத்து, வேர் வேண்டும்போது வழங்குகின்றது.

எல்லா மண்ணும் ஒரு தன்மையன அல்ல. மூலப் பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் சரிவு, காலம் ஆகிய ஐந்தும் கூடி மண்ணை ஆக்குகின்றன என்பதை, உருசிய அறிஞர் தொகுச்சாயேவ் 1883-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப்பின் உலகம் உணர்ந்தது. தமிழ்நாட்டிலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். நீர் வடியும் மேட்டு நிலங்களில் செம்மண் மிகுதி. கோவில்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளில் பரந்து கிடப்பது கரிசல். அது மழையில் உப்பிக் குழையும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆயினும் ஈரத்தை நெடுநாள் காத்தலால் பருத்திக்கு ஏற்றது. காவிரிப் படுகையில் உள்ளதோ வண்டல். குடகு மலையிலும் மைசூர் மேட்டு நிலத்திலும் சிதைந்த பாறையின் துகளை ஆறு சுமந்து வந்து தஞ்சையில் பரப்பியது. தொலைவில் கரைந்த மலையே சோழ நாட்டின் சோறு ஆயிற்று.

இயற்கை இவ்வளவு பாடுபட்டு ஆக்கிய மண் எளிதில் அழியக் கூடியது. ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். மரமும் புல்லும் அற்ற சரிவில் பெய்யும் சில பெருமழைகள் அதனை வாரிச் சென்றுவிடும். அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில், கோதுமை விளைப்பதற்காகப் புல்வெளிகளைப் பெருமளவில் உழுதனர். 1930-களில் மழை பொய்த்தது. மண்ணைப் பிணைத்திருந்த புல்வேர் இல்லாமையால் காற்று அதனை அள்ளிச் சென்றது. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதிப் புயல், நெடுந்தொலைவு கடந்து நியூயார்க்கு, வாசிங்டன் நகரங்களின் வானத்தையும் மறைத்தது. எண்ணற்ற உழவர் குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறின. அடுத்த ஆண்டே அந்நாட்டரசு மண் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றியது. ஆனால், பறந்த மண்ணைச் சட்டம் மீட்டுத் தரவில்லை.

மண்ணைக் காக்கும் வழிகள் அரியன அல்ல. சரிவுக்குக் குறுக்கே உழுதல், சமமட்ட வரப்பு இடுதல், வெட்டிவேர் போன்ற ஆழ்ந்த வேருடைய புல்லை வளர்த்தல், தழையும் தொழுவுரமும் இடுதல், நிலத்தை வெறுமையாக விடாமை ஆகியவை அவற்றுள் சில. கோடையில் கண்மாயைத் தூர்வாரி, அவ்வண்டலை வண்டிகளில் ஏற்றி வயலில் கொட்டுவது தமிழக உழவரின் பழைய வழக்கம். அதனால் கண்மாயில் நீருக்கு இடம் கிடைக்கும். வயலை விட்டு ஓடிய மண்ணும் வயலுக்கே திரும்பும். வளமான மேல்மண்ணைச் செங்கற் சூளைக்கு விற்பவரோ, ஒருநாட் பணத்திற்காகப் பல தலைமுறையின் சோற்றை விற்பவர் ஆவர்.

பொன்னை இழந்தவர் உழைத்து மீண்டும் பெறலாம். விளைச்சலை இழந்தவர் அடுத்த பருவத்தில் பெறலாம். மண்ணை இழந்தவரோ, பாறை மீண்டும் கரையும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு நீண்ட வாழ்நாள் எந்த மனிதனுக்கும் இல்லை. ஆகவே, உள்ள மண்ணைக் காத்து, வாங்கியதினும் வளமாக்கி, அடுத்த தலைமுறைக்கு அளிப்பதே அறிவுடையோர் செயலாகும்.