மூன்றையும் மாற்றாதே, கண்ணு

ஈரோடு

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். "பேட்டரி, செல்ஃப், டைனமோ மூணையும் மாத்தணும்னு சொல்றாங்க பெரியப்பா, பேசாம வித்துடலாமா" என்று ஸ்டார்ட் ஆகாத நம் மாருதி 800 பற்றி நேற்று ராத்திரி நீ கேட்டதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. போனில் சொன்னால் "சரி, சரி" என்பாய், பாதியில் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிடும். இதை மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டு வை. அந்த ஸ்டிக்கர் குப்பைகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருக்கும்.

மூன்றையும் மாற்றாதே. மூன்றும் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகாது. எது கெட்டது என்று தெரியாதபோதுதான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். காய்ச்சல் என்று போனவனிடம் எத்தனை நாளாக, குளிர் இருக்கிறதா என்று கேட்காமலே ஊசி போடும் டாக்டரிடம் நீ போவாயா? வண்டிக்கும் முதலில் கேள்விதான், மருந்து அப்புறம்.

சாவியைத் திருகும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேட்டேன். "ஏதோ சத்தம்" என்றாய். அந்த 'ஏதோ'வில்தான் எல்லாம் இருக்கிறது, சாமி. நாளைக் காலையில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகு. 'டிக் டிக் டிக்' என்று அடித்துக்கொண்டு லைட் மங்கினால் கரண்ட் போதவில்லை. லைட் பளிச்சென்று எரிந்தபடியே ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். கரண்ட் போதவில்லை என்றாலும் உடனே பேட்டரியைக் குறை சொல்லாதே. அதன் தலையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பார். பூத்திருந்தால் மைனஸ் ஒயரை முதலில் கழற்று, பிளஸ்ஸை அப்புறம். சுடுதண்ணீர் ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவு. மாட்டும்போது பிளஸ் முதலில். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டையும் சுரண்டி முடுக்கு. பழைய வண்டிகளில் பாதிப் 'பேட்டரி கோளாறு' இந்த இரண்டு இடங்களிலேயே தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12 அளவில் இருந்தால் இறங்கியிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரைக்கும் ஏறினால் டைனமோ வேலை செய்கிறது. ஏறவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் அமுக்கிப் பார். இவ்வளவும் உன் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது. ஒரு ஸ்பேனரும் அந்த மீட்டரும் பொறுமையும் போதும். பொறுமை உனக்குச் சின்ன வயதிலேயே குறைச்சல் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

விற்றுவிடலாமா என்று கேட்டாய். மாருதி 800 இந்த நாட்டில் 1983 டிசம்பரில் வந்தது, 2014-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். முப்பது வருஷம் ஓடிய வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. நீ இருக்கும் சென்னையிலேயே புதுப்பேட்டை இருக்கிறது. நம்முடையது 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், மூன்று பிளக். கம்ப்யூட்டர் கிடையாது. இன்ஜினில் என்ன நடக்கிறதோ அதைக் கண்ணால் பார்க்கலாம், மூக்கால் மோந்து பார்க்கலாம். வண்டி படித்துக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் முடிவு.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. மழை நாளில் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். கழற்றிக் காய்ந்த துணியால் துடை. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் நீ சோக்கை இழுத்துவிட்டு மறந்துவிட்டாய் என்று அர்த்தம். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடி. வண்டி நின்ற இடத்தில் உதறினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பிளக்குகளைக் கழற்றி முனையைப் பார். இளம்பழுப்பு என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. சந்தேகப்படும் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடு. கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகரவில்லை என்றால் ஒயரைப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றி வண்டி சரியானால், எதனால் சரியானது என்று உனக்குக் கடைசிவரை தெரியாது.

திம்பம் மலை ஏறினோமே, நினைவிருக்கிறதா? உனக்கு இருக்காது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவில் பாதி வளைவு நீ உன் அம்மா மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். டெம்பரேச்சர் முள் மேலே ஏறத் தொடங்கியதும் நான் வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்தில் லாரியை நிறுத்தியிருந்த ஒரு பையன் உதவுகிறேன் பேர்வழி என்று ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும். மூடி திறந்த நொடியில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும், அதுவும் துணி போட்டு. ஊருக்கு வந்து பார்த்தபோது ரேடியேட்டர் மடிப்புகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தன. தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதோடு சரியாகிவிட்டது.

நீ கவனிக்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பதை. கிண்டி சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் சுற்றவில்லை. பியூஸையும் ஃபேன் சுவிட்சையும் பார்க்கச் சொல். ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகமாகப் போகும்போதும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். இந்த ஒரு தகவலை நீ கொண்டுபோனால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம், உனக்குப் பாதிப் பணம் மிச்சம்.

பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள், கண்ணு. வாரத்தில் ஒரு நாளாவது ஒன்றும் போடாமல், வண்டியின் சத்தத்தைக் கேட்டபடி ஓட்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'கட கட' என்றால் ஆக்சில் முனையில் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போய்விட்டது. கிழிந்த அன்றே பார்த்தால் ரப்பர் விலை. சத்தம் வந்த பிறகு பார்த்தால் ஜாயின்ட் விலை. காலையில் வண்டியை எடுத்ததும் நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார். கறுப்புச் சொட்டு ஆயில், நிறமாகக் கிடந்தால் கூலன்ட், நிறமில்லாமல் கிடந்தால் ஏசி தண்ணீர், அதற்குப் பயப்படாதே. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியைத் தொடாதே.

இரண்டு விஷயத்தில் நான் செல்லம் கொடுக்க மாட்டேன். பிரேக் பெடல் மெத்தென்று போனாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினாலோ, ஆட்டோவில் ஆபீஸ் போ. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்று பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்க்கில் போடுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். நம் வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஹோஸ் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் ஓரம் கட்டி அணைத்துவிட்டு இறங்கிவிடு. வீடு வரைக்கும் போய்விடலாம் என்ற எண்ணமே கூடாது.

டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வை. தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், என்ன செலவு. என்னிடம் வண்டி இருந்தவரை எழுதினேன். உன் அப்பா ஓட்டிய காலம் முழுக்க வெற்றுத்தாள்தான், அவனுக்கு எல்லாம் ஞாபகத்தில் இருக்குமாம். அடுத்த முறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியைக் காட்டப் போகும்போதும் அந்த நோட்டு உதவும்.

அப்பா எழுதி வைக்காததால் ஒரு அவசர வேலை இருக்கிறது. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று என் நோட்டிலும் அப்பாவிடமும் பதில் இல்லை. அது ரப்பர். வண்டி ஓடாமல் நின்றாலும் அதற்கு வயசாகும். அறுந்தால் போகிற ரோட்டிலேயே இன்ஜின் நின்றுவிடும். பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து வண்டி கிளம்பியதும் நேரே நல்ல பட்டறைக்குப் போய் அதை மாற்று. பணம் நான் அனுப்புகிறேன். மாற்றாமல் பொங்கலுக்கு இந்த வண்டியில் ஊருக்குக் கிளம்பாதே, பஸ்ஸில் வா.

அன்புடன்,
பெரியப்பா